லங்காவியில் அம்மாவின் முதல் அந்தி

"தண்ணியில நான் வரலப்பா" என்றார் அம்மா. கெடா தோட்டமொன்றில் பால்மரம் சீவியே காலம் கழித்தவர். அதே மாநிலத்தில் இருந்தும், லங்காவிக்கு வந்தது இதுதான் முதல் முறை.

சமாதானப்படுத்தி ஏற்றினேன். மாலை ஐந்தரைக்குப் பத்தே பேருடன் படகு கிளம்பியது. 99 தீவுகள் கொண்ட லங்காவி, 2007 முதல் உலகப் புவிப்பூங்கா. காடு மூடிய சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. கர்ப்பிணி மல்லாந்து படுத்திருப்பது போன்ற டாயாங் புந்திங் மலைமுகட்டைக் காட்டினேன். அம்மா கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை.

திடீரென்று தலைக்குமேல் செம்பருந்துகள் வட்டமிட்டன. "கருடன்!" கம்பியை விட்டுக் கைகூப்பினார். மலாயில் 'ஹெலாங்' என்றால் கழுகு, 'காவி' செம்பழுப்பு. லங்காவி என்ற பெயரே அப்படி வந்தது என்பார்கள்.

ஏழரை மணி வாக்கில் சூரியன் அந்தமான் கடலில் இறங்கியது.

"மரம் சீவப் போறப்ப தினமும் உதிக்கிறதைப் பார்த்திருக்கேன். மறையுறப்ப அடுப்படியிலதான் இருப்பேன்" என்றார். நான் பதில் பேசவில்லை.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, கடலும் அமைதி. போகிறவர்கள் சால்வை, வாந்தி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் அம்மாவையும் அழைத்துப் போங்கள்.