சாம்பல் கரைந்த ஆறு

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கினேன். 'நேவ்' என்றொரு சொல். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருள் 'சக்கரத்தின் குடம்'. அப்படியே எழுதினேன், அச்சாகியும் விட்டது. தேவாலயத்துக்குள் சக்கரம் எப்படி வந்தது என்று கேட்டு நாகர்கோவில் வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். மக்கள் கூடி வழிபடும் நடுக்கூடத்துக்குத்தான் அந்தப் பெயர்.

பல ஆண்டுகள் கழித்து அப்படியொரு நடுக்கூடத்தில் நிற்க வாய்த்தது. லெஸ்டர்ஷயரில் உள்ள லட்டர்வொர்த் என்ற சிற்றூரின் புனித மரியாள் ஆலயம். பெரும்பகுதி 13, 14-ம் நூற்றாண்டுக் கட்டடம். கோபுரத்தின் மேலிருந்த கூம்பு 1703 புயலில் விழுந்துவிட்டது.

என்னை அங்கே இழுத்தவர் ஜான் வைக்ளிஃப். 1374 முதல் சாகும்வரை இங்கே பங்கு குரு. லத்தீன் பைபிள் ஆங்கிலத்துக்கு வரக் காரணமானவர். அதில் அவர் கைப்பட எழுதியது எவ்வளவு, சீடர்கள் எழுதியது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. எங்கள் தொழிலில் இது புதிதல்ல.

பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவின் மேலே இறுதித் தீர்ப்பு ஓவியம். கல்லறைகளிலிருந்து மனிதர்கள் எழுந்து வருகிறார்கள். லத்தீன் பூசை புரியாத உழவனுக்கு இந்தச் சுவர்தான் வேதம். பிறகு அவன் மொழியிலேயே வேதம் வந்தது. 16-ம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் வந்தபோது, நாடெங்கும் இதுபோன்ற ஓவியங்களைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் 1860-களில் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோதுதான் இது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. நான் எழுத்தின் கட்சி. ஆனாலும் வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1384 டிசம்பரில், இதே ஆலயத்தில் பூசையின்போது பக்கவாதம் தாக்கி, மூன்றே நாளில் வைக்ளிஃப் இறந்தார். அதோடு விடவில்லை. 1415-ல் கான்ஸ்டன்ஸ் திருச்சங்கம் அவரை மத விரோதி என்று தீர்ப்பளித்தது. மொழிபெயர்ப்பு மட்டும் காரணமல்ல. திருச்சபையின் சொத்து பற்றியும் நற்கருணை பற்றியும் அவர் சொன்னவை அதைவிட உறுத்தின. 1428-ல் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் கொட்டினார்கள். தப்பாக மொழிபெயர்த்த எனக்கு ஒரு கார்டோடு போயிற்று.

ஆற்றைத் தேடிப் போனேன். ஆறு என்று பெயர்தான். எங்கள் ஊர் வாய்க்கால் அகலம்கூட இருக்காது. பாலத்தில் கார்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. தூறல் விழுந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பஸ் பிடிக்கத் திரும்பினேன்.