நாய்க்குட்டி கேட்ட பிள்ளைகள்

எம் பிள்ளைகள் இருவரும் நாய்க்குட்டி வேண்டுமென்று ஓராண்டாகக் கேட்டனர். சிறுவர் உள்ள வீட்டுக்கு ஏற்ற சிறிய நாய் எதுவென ஆராய்ந்தோம். சிவாவா மிகச் சிறியது. குழந்தையின் கையிலிருந்து விழுந்தாலே எலும்பு முறியலாம். கவாலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் சாந்தமானது. ஆயின் இதயநோய் அவ்வினத்தில் மிகுதி. தாய்நாயைக் காணாது குட்டியை வாங்கலாகாது என்றும் அறிந்தோம். இங்கிலாந்தில் 2020 முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளைக் கடைகள் விற்பதற்குத் தடை உண்டு.

2008இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எமது நாயை அவிழ்த்துவிட்டு வந்தோம். உழவு இயந்திரத்தின் பின்னே அது நெடுந்தூரம் ஓடிவந்தது. ஆகவே பிள்ளைகளிடம் ஒன்றே கேட்டோம்: "பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இதனைக் கைவிடாது காப்பீர்களா?"

இருவரும் உடனே விடை கூறவில்லை, நெடுநேரம் யோசித்தனர். அதன் பின்னரே நாம் இசைந்தோம்.