பிள்ளை நல்லாத்தானே இருக்கான், எதுக்குப் பூச்சிக் குளிசை?



பாடசாலையில் பூச்சிக் குளிசை கொடுக்கும் நாட்களில் பெற்றோர் சிலர் கேட்கும் கேள்விதான் மேலே இருப்பது. உயிரியல் பாடத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

சாப்பாட்டிலிருந்து முழுச் சக்தியையும் எடுக்க நம் உடலுக்கு ஒட்சிசன் வேண்டும். சிறுகுடலுக்குள்ளே ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கேதான் அஸ்காரிஸ் என்ற வட்டப்புழு ஒரு வருடத்துக்கு மேலும் வாழ்கிறது. பெண் புழு 30 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும். ஒரு நாளைக்குச் சுமார் 200,000 முட்டை இடும்.

இது எப்படி முடிகிறது? நொதியங்களால்தான். இழைமணியில் நமக்கும் புழுவுக்கும் பொதுவான ஒரு நொதியக் குடும்பம் உண்டு. நம் உடலில் அது சக்சினேற்றை பியூமரேற்றாக மாற்றும். குடலில் வாழும் புழுவிலோ அதே குடும்பத்து நொதியம் எதிர்த்திசையில் ஓடி, பியூமரேற்றை சக்சினேற்றாக்குகிறது. கடைசியில் ஒட்சிசன் ஏற்க வேண்டிய இலத்திரன்களைப் பியூமரேற்று ஏற்றுக்கொள்கிறது. இதற்குத் துணைபோகும் ரொடோகுயினோன் என்ற பொருளை மனித உடல் உண்டாக்குவதில்லை.

இதே புழு குடம்பியாக நம் நுரையீரலுக்குள்ளால் போகும் காலத்தில் ஒட்சிசனைப் பயன்படுத்தித்தான் வாழ்கிறது. குடலுக்கு வந்து வளர்ந்ததும் நொதியத்தின் வகையையே மாற்றிக்கொள்கிறது. சுப்ஹானல்லாஹ்!

ஆனால் இந்த வழியில் ஒரு குளுக்கோசிலிருந்து கிடைக்கும் சக்தி கொஞ்சம்தான். அதனால் சக்திக்காக அது நிறையச் சர்க்கரையைச் செலவழிக்க வேண்டும். அந்தச் சர்க்கரை உம்மா பிசைந்து ஊட்டிய சோற்றிலிருந்து வருவது. ஒன்றிரண்டு புழு இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, பிள்ளை நல்லாத்தான் இருப்பான். நிறையச் சேர்ந்தால் வளர்ச்சி குன்றும். சில வேளை குடலே அடைபடும்.

குளிசையில் உள்ள மெபெண்டசோல், புழுவின் கலங்களிலுள்ள டியூபியூலின் என்ற புரதத்தைப் பிடித்து, அது குளுக்கோசை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. சேமித்து வைத்த கிளைக்கோசனும் தீர்ந்துபோகப் புழு சாகும்.

ஆனால் குளிசை மண்ணில் கிடக்கும் முட்டைகளை ஒன்றும் செய்யாது. அவை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. அதனால்தான் குளிசையைத் திரும்பத் திரும்பத் தருகிறார்கள். மலசலகூடம் போய்வந்த பிறகும் சாப்பிட முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும், பச்சையாகச் சாப்பிடும் இலைவகைகளை நன்றாகக் கழுவுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே குளிசை தரும் நாளில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சை நம்பி பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.