உறைபனியில் படம் எழுதினவர்



நாலு கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிற மகராசி நீ, இருந்தாலும் உனக்கு எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் காலையில் காலேஜுக்குப் போனால் ராத்திரிதான் வருகிறாள், நான் எத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது, அதனால் இந்த ரஷ்ய ஊர் அர்ஹாங்கெல்ஸ்கில் ஓவியர் போரிசோவ் பேரில் இருக்கிற மியூசியத்துக்குப் போனேன்.

அலெக்சாந்தர் போரிசோவ் 1866-ல் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சின்ன வயசில் காலில் மரக்கட்டை விழுந்து படுத்துவிட்டாராம். பிள்ளை எழுந்து நடந்தால் சோலோவெத்ஸ்கி மடத்துக்கு ஊழியம் செய்ய அனுப்புகிறோம் என்று, நாம் மொட்டைக்கு நேர்ந்துகொள்வதுபோல, பெற்றவர்கள் நேர்ந்துகொண்டார்கள். போன இடத்தில் சாமிப் படம் எழுதுகிற பட்டறை இருந்தது, பையன் பிடித்துக்கொண்டான். அப்புறம் பீட்டர்ஸ்பர்கில் ஓவியர்கள் ஷிஷ்கினிடமும் குயிஞ்ஜியிடமும் படிப்பு. 1894-ல் நிதியமைச்சர் வித்தே வடகடலோரத்தைப் பார்க்கக் கிளம்பியபோது இவரையும் கூட்டிப்போனார், அன்றைக்குப் பிடித்ததுதான் வடதேசப் பைத்தியம்!

வெளியே பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் பூசினால் யாரடி கேட்கப்போகிறார்கள்? இவர் மாட்டார். மைனஸ் முப்பது டிகிரியில் வண்ணம் கெட்டியாகிவிடும், டர்பன்டைன் விட்டாலும் இளகாது, பிரஷ் மயிர் பட்பட்டென்று ஒடியும், அதையும் முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேய்ப்பாராம். எனக்கோ ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தாலே சண்டை.

1897-ல் படச் சேகரிப்பாளர் த்ரெத்யகோவ் அப்படி எழுதின வடதேசப் படங்களை ஏறக்குறைய மொத்தமாகவே வாங்கிவிட்டார். கையில் காசு வந்த மனுஷர் ஊரோடு இருக்கக்கூடாதோ? ஆர்க்டிக் கடலில் நோவயா ஸெம்லியா தீவில் போய் வீடு கட்டினார், 'கனவு' என்று பேர் வைத்து ஒரு பாய்மரப் படகும் கட்டினார். 1900-ல் காரா கடலில் பனி அந்தப் படகை வளைத்துக்கொண்டது. அதைக் கைவிட்டு, மிதக்கிற பனிப்பாளங்களில் நாட்கணக்காக அல்லாடி, கடைசியில் அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான நெனெத்ஸ் மக்கள் கைகொடுத்து அவரும் கூட இருந்தவர்களும் பிழைத்தார்கள். அப்புறமாவது திரும்பினாரா? குளிர்காலம் முழுக்க அதே தீவில் இருந்து வரைந்தார்! நெனெத்ஸ் பையன் த்யிகோ வில்கா இவர் வரைவதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டு, பின்னாளில் தானும் பேர்பெற்ற ஓவியன் ஆனான்.

'மரண பூமி' என்ற 1903 படத்தைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ படத்தைவிடப் பேர்தான் அதிகம் மிரட்டுகிறது. குளிரில் நின்று எழுதின சின்னப் படங்கள்தான் என்னை நகரவிடவில்லை. பனி வெள்ளையே இல்லையடி! நிழல் பக்கம் நீலமும் ஊதாவும், வெயில் பட்ட முனையில் மட்டும் ரோஸ், வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கிறது.

அமெரிக்காவுக்குப் போய் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே படம் காட்டினவர், கடைசிக் காலத்தில் ரயில் பாதைத் திட்டம் என்று அலைந்தார், 1934-ல் போய்ச் சேர்ந்தார். அவர் ஊர்ப் பக்கம் சோலோனிஹாவில் உப்பூற்றுத் தண்ணீரும் சேறும் வைத்து வைத்தியம் செய்கிற இடம் வந்ததும் இவராலேதானாம். என் முட்டிக்கு அந்தச் சேற்றைப் பூசிப் பார்க்கலாமா என்று கேட்டால் மகள் முறைக்கிறாள். நீயாவது அவளுக்கு இரண்டு வரி எழுதேன், நீ சொன்னால் கேட்பாள்.