மூச்சு வாங்க மேலே வருகிறது

படாளம் கூட்ரோட்டில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வேடந்தாங்கல் பறவைகளுக்காக மேற்கே திரும்புவார்கள். நானும் அதற்காகத்தான் வந்தேன். பறவைகளைப் பார்த்து முடித்ததும் கிழக்கே கிளம்பினேன். பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், பிறகு மாமல்லபுரம். தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்குக் கடல் என்பதே தூரதேசம்.

பிப்ரவரி மாதம். விடியுமுன் ஒரு ஃபைபர் படகில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். கடற்கரைக் கோயில் விரல்நுனி அளவுக்குச் சுருங்கிய தூரத்தில், படகோட்டி அண்ணன் சட்டென்று இன்ஜினை அணைத்தார்.

"பாருங்கம்மா, ஜோடி. அதுங்களால சட்டுனு முழுவ முடியாது."

முதலில் அலையின் நிழல் என்றுதான் தோன்றியது. பிறகு பாசிப்பச்சை ஏறிய ஒரு முதுகு தெரிந்தது, அதைப் பற்றிக்கொண்டு இன்னொரு முதுகு. பங்குனி ஆமைகள். புத்தகங்களில் ஆலிவ் ரிட்லி என்று படித்தவை. கீழே இருந்த பெண் ஆமை தலையை உயர்த்தி மூச்சு விட்டது; அந்தச் சத்தம் படகு வரைக்கும் கேட்டது. கடலிலேயே வாழ்ந்தாலும் அதற்கு நம்மைப் போல் நுரையீரல்தான், காற்றுக்காக மேலே வந்தே தீர வேண்டும். எத்தனையோ நூறு மைல் நீந்தி வந்து, இந்தக் கரையோரத்தில் இணைசேர்ந்து, இரவில் மணலேறி நூற்றுக்கு மேல் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் உயிர் அது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு அருகில் மிதந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

கரைக்குத் திரும்பிய பின், பக்கத்து ஊரான கொக்கிலமேட்டுப் பக்கம் மணலில் இறந்து கிடந்த ஓர் ஆமையையும் பார்த்தேன். ஓட்டின் குறுக்கே வரிசையாக வெட்டுகள், படகு விசிறி வெட்டிய தடம். ஓடு கல்லைப் போலக் கடினமாகத் தெரிந்தாலும் அது உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலாவும் அதோடு ஒட்டிப் பிறந்தவை, நுரையீரல் அதன் அடியிலேயே இருக்கிறது. அடி ஆழமாக விழுந்தால் ஆமையால் முழுகவும் முடியாது, மூச்சு விடவும் முடியாது.

படகுச் சத்தம் கேட்டதும் விலகிப் போகாதா என்று நமக்குத் தோன்றும். ஆஸ்திரேலியாவின் மார்ட்டன் விரிகுடாவில் பச்சை ஆமைகளை வைத்து இதைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். படகு மணிக்கு 4 கிலோமீட்டரில் வந்தபோது 60 சதவீத ஆமைகள் விலகின. 11 கிலோமீட்டரில் 22 சதவீதம். 19 கிலோமீட்டரில் வெறும் 4 சதவீதம். அந்த விரிகுடாவில் ஆமைகள் மேயும் இடங்களில் படகுகள் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நம் கரையில் பெரிய எமன் வலைதான். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் இழுக்கும் மடி வலைக்குள் சிக்கினால் மேலே வர வழியில்லாமல் மூச்சு முட்டிப்போகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மடி இழுக்கக் கூடாது என்பது சட்டம். அது மீறப்படுவதுதான் துயரம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. ஆமைகள் ஜனவரியிலேயே வந்துவிடுகின்றன!

1970களிலிருந்தே இந்தக் கரையில் ஆட்கள் இரவு முழுக்க நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். மணலில் இருக்கும் முட்டைக்குக் கிடைக்கும் அந்தக் காவல் தண்ணீரில் இருக்கும் தாய்க்கும் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலாவது, மீன்படகோ சுற்றுலாப் படகோ எதுவானாலும், இங்கே வேகம் குறைக்கும் எல்லை ஒன்றை வகுக்க வேண்டும். ஜோடிகள் எங்கே மிதக்கும் என்பது அந்த அண்ணனுக்குத் தெரியும். எல்லை மிதவைகளை எங்கே போடலாம் என்று முதலில் அவரைப் போன்றவர்களிடம் கேட்கட்டும்.