ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்

2017-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை வேளை. திருச்சி தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவிலிருந்து பிரதான சாலைக்கு என் காரை ஓட்டி வந்தேன். நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கமிருந்து ஒரு நகரப் பேருந்து வந்துகொண்டிருந்தது. அது கடந்து செல்லும் வரை அதையே பார்த்திருந்தேன். கடந்ததும் வண்டியை முன்னே நகர்த்தினேன். வலப்பக்கம் பார்க்கவில்லை. அடுத்த நொடியில் பெரிய ஓசை ஒன்று கேட்டது.

வாடகைக் கார் ஒன்றின் இடப்புற முன்பகுதியில் என் வண்டி மோதியிருந்தது. யாருக்கும் காயமில்லை. என் காரின் முன் பம்பர் பிளந்து தொங்கியது. அந்தக் காரின் முகப்பு விளக்கு உடைந்து, மட்கார்டு நசுங்கியிருந்தது. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயதிருக்கலாம். அவர் இறங்குவதற்கு முன்பே நான் இறங்கிவிட்டேன்.

"இவ்வளவு வேகமா வந்தா எப்படித் தம்பி?"

என் வாயிலிருந்து வந்த முதற்சொல் இதுதான். அவர் வந்ததையே நான் காணவில்லை. காணாத ஒருவருடைய வேகத்தை எப்படி அறிந்தேன்? இந்தக் கேள்வி அப்போது என்னுள் எழவில்லை.

"சார், நான் நேராத்தான் வந்தேன். நீங்கதான் தெருவுலேருந்து திடீர்னு வந்தீங்க" என்றார் அவர்.

தேநீர்க் கடையிலிருந்து நான்கைந்து பேர் வந்து சூழ்ந்தனர். மோதலை அவர்களில் எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயினும் தீர்ப்பு உடனே கிடைத்தது. அவர்கள் பார்த்தது என் நரைத்த தலையையும் தேய்த்து மடிப்புக் கலையாத சட்டையையும். அந்த வண்டியின் மஞ்சள் எண்பலகையையும் அவருடைய ரப்பர்ச் செருப்பையும். "வயசானவர் வண்டியில இடிச்சிட்டு எதிர்த்து வேற பேசுறியா?" என்று ஒருவர் அதட்டினார். இன்னொருவர் நடுவராகி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார். அந்த இளைஞர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். நான் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் பத்து நூறு ரூபாய்த் தாள்களையும் எடுத்து எண்ணிக் கொடுத்தார். "டீசலுக்கு வெச்சிருந்தது சார்" என்றார். பம்பரின் செலவு இதற்குமேல் ஆனால் பேச வேண்டும் என்று சொல்லி, அவர் நிற்கும் கார் நிலையத்தின் அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காப்பீட்டு முகவர் வீட்டிற்கு வந்து, இழப்பீடு கோரும் படிவத்தை நீட்டினார். வண்டி எண், உரிம எண் ஆகியவற்றை நிரப்பும் வரை பேனா தடையின்றி ஓடியது. விபத்து எவ்வாறு நிகழ்ந்தது என்று விவரிக்கும் கட்டத்தில் அது நின்றது. தெருவில் வாய் கூசாமல் சொன்னதைத் தாளில் எழுதக் கை கூசியது. குறுக்குத் தெருவிலிருந்து வருபவன் பிரதான சாலையில் செல்லும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பது சாலை விதி. உரிமம் வாங்கும் எவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

என் தயக்கத்தை முகவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "சார், யார்மேல தப்புன்னு கவலைப்படாதீங்க. நம்ம வண்டிச் சேதத்துக்கு நம்ம கம்பெனி கொடுத்திடும். குடிச்சிருக்கக் கூடாது, லைசென்ஸ் இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். பழுது பார்க்கும் செலவு 6,800 ரூபாய். அதில் முதல் 1,000 ரூபாயை நானே ஏற்க வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலை கழியும். வண்ணப்பூச்சுப் பொருளிலும் பாதி கழியும். கைக்கு வருவது ஏறத்தாழ 3,500 ரூபாய். நான் நான்காண்டுகள் இழப்பீடு எதுவும் கோராததால் 45 விழுக்காடு கட்டணச் சலுகை பெற்றிருந்தேன். இவ்வாண்டும் கோராவிட்டால் அது 50 விழுக்காடாக உயரும். கோரினால் அடியோடு போய்விடும். மறு ஆண்டில் மட்டும் 4,000 ரூபாய்க்குமேல் கூடுதலாகக் கட்ட நேரிடும். "கேட்காம இருக்கிறதுதான் சார் லாபம்" என்று படிவத்தை மடித்தார் அவர்.

அப்படியானால் தெருவில் நான் போட்ட சண்டை எதற்காக? என் வண்டியின் சேதத்திற்கு என் நிறுவனம் தரும் பணம் யார் தவறு என்பதைப் பொறுத்ததன்று. அந்த இளைஞரைக் குற்றவாளியாக்கியதால் எனக்கு வந்த ஆதாயம் அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டுமே. அதுவும் பணத்திற்காக நான் செய்ததன்று. நாலு பேர் முன்னிலையில் தவறியவனாக நிற்க மனம் இடம் தரவில்லை. தனியறையில் தவறை ஏற்பது எளிது. தெருவில் ஏற்பதே கடினம்.

அன்றிரவு காப்பீட்டுப் பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். நிறுவனத்தின் எழுத்துமூலமான ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்கவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை அதில் இருந்தது. முதலில் அது எனக்கு ஆறுதலாயிற்று. நான் பேசாதிருந்தது விதிப்படி சரிதான் என்று என்னையே தேற்றிக்கொள்ள முயன்றேன். எவரோ பதற்றத்தில் சொல்லும் சொல்லுக்கு நிறுவனம் பணம் கட்ட நேரக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட நிபந்தனை அது. அதில் நியாயம் உண்டு. ஆனால் பொறுப்பை ஏற்காதே என்றுதான் அது சொல்கிறது. பிறர்மேல் சுமத்து என்று சொல்லவில்லை. பேசாதிருந்தவனல்லன் நான், பொய் பேசியவன்.

சட்டப்படி என் காப்பீட்டிலிருந்தே அந்தக் காரின் சேதத்திற்கு ஈடு கோர இயலும். பிறர் உடைமைக்கு நேரும் சேதத்திற்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்போது கட்டாயமாக்கியிருந்த காப்பு 6,000 ரூபாய்; தனியார் கார்களின் காப்பீட்டில் இது பெரும்பாலும் ஏழரை இலட்சம் வரை இருக்கும். ஆனால் அதைப் பெற இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். உடைந்த விளக்கிற்காக வழக்குரைஞரைத் தேடி எவர் போவார்? ஆகவே இத்தகைய சிறு மோதல்களில் தெருவே நீதிமன்றமாகிறது. அங்கே குரல் ஓங்கியவன் வெல்கிறான்.

பதினோராம் நாள் அந்தக் கார் நிலையத்திற்குச் சென்றேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். இன்னும் பணம் கேட்க வந்திருப்பதாக எண்ணினார் போலும். "வண்டிச் செலவு முதலாளிக்கு 4,200 ஆச்சு சார். ரெண்டு மாசச் சம்பளத்துல பிடிக்கிறாங்க. இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

"தம்பி, தப்பு என்னோடது. நான் வலது பக்கம் பார்க்கவே இல்ல" என்றேன். இதைச் சொல்வதற்கு எனக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பையிலிருந்த ஆயிரத்து ஐந்நூறையும், அவருக்கு நேர்ந்த 4,200 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. எண்ணி வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பணம் சரியாப் போச்சு சார். ஆனா இதை அன்னைக்கு அங்கேயே சொல்லியிருக்கலாம்."

சற்றுப் பொறுத்து, "முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்று கேட்டார். அந்த மோதலுக்குப் பின் வெளியூர்ச் சவாரிகளுக்கு அவரை அனுப்புவதில்லையாம். உடன் சென்றேன். உரிமையாளர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரை நோக்கி, "நீ சொன்னப்ப நான் நம்பலப்பா" என்றார். அதற்குமேல் அங்கே எவரும் எதுவும் பேசவில்லை.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தத் தேநீர்க் கடை வாசலில் அன்று நின்றவர்களை எங்கே சென்று தேடுவேன்? அவர்கள் மனத்தில் அந்த இளைஞர் இன்றும், பெரியவர் ஒருவரின் வண்டியில் மோதிவிட்டு எதிர்த்துப் பேசியவரே. அதை எந்தக் காப்பீடும் ஈடு செய்யாது.

இன்று எவரேனும் இத்தகைய மோதலுக்குப் பின் என்ன செய்வது என்று கேட்டால், வண்டிகள் நின்ற நிலையைப் படம் எடுங்கள், எண்களையும் காப்பீட்டு விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள் என்று சொல்கிறேன். அதன்பின், கண்ணால் காணாத எதையும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

அந்தக் குறுக்குத் தெருவின் முனைக்கு வரும்போதெல்லாம் வண்டியை முழுவதும் நிறுத்துகிறேன். வலப்பக்கம் பார்க்கிறேன். சாலை வெறிச்சோடியிருந்தாலும், இன்னொரு முறை பார்க்கிறேன்.