கத்தியும் பக்தியும்

என் தகப்பனார் விட்டுப் போனவற்றில் இன்னும் என் கையில் மிஞ்சியிருப்பது ஒரு பேனாக்கத்தி. கொம்புப் பிடி, அலகின் அடியில் 'ஷெபீல்டு' என்ற எழுத்துக்கள் பாதி தேய்ந்து கிடக்கின்றன. இறகைச் சீவிப் பேனாவாக்கி எழுதிய காலத்தில் பிறந்த கத்தி. அதனால்தான் அந்தப் பெயர். ஓலையில் எழுதிய நம் பெரியவர்களும் ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் கத்தியுமாக மடக்கெழுத்தாணி வைத்திருந்தார்கள். எழுதுகிறவனுக்கும் மடக்குக் கத்திக்கும் உறவு பழையது.

அப்பா அதில் பென்சில் சீவுவார், மாங்காய் நறுக்குவார், தபால் உறையைப் பிரிப்பார். முடிந்ததும் அலகை மடக்குவார். பாதித் தூரம் தள்ளினால் போதும். மீதியைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். 'டக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால், அப்பாவிடம் இனிமேல் பேசலாம் என்று எங்களுக்கு அர்த்தம்.

போன மாதம் பேத்திக்குக் கொய்யாப் பழம் நறுக்கினேன். அலகு சோம்பேறியைப் போல் மடங்கி என் ஆள்காட்டி விரலில் விழுந்தது. ரத்தத்தைப் பார்த்துக் குழந்தை அழுதாள். "முதலில் அதைத் தூக்கி எறியுங்கள்" என்றாள் என் மனைவி.

எறிய மனம் வருமா? வில் தளர்ந்துவிட்டது, வளைத்துவிட்டால் சரியாகும் என்று திருப்புளியை உள்ளே கொடுத்து நெம்பினேன். கொம்புக்குள் 'சுருக்'கென்று ஒரு சத்தம் வந்தது. உடைத்தே விட்டேனோ என்று நடுங்கிப்போய்ப் பட்டறைக்கு ஓடினேன்.

ஆசாரி கத்தியை வெளிச்சத்தில் பிடித்து, அலகை மெல்லப் பாதி திறந்தார். முதுகில் இருந்த வில்லின் நுனி சற்றே மேலே எழும்பியது.

"பாத்தீங்களா, ஐயா? வில்லு உசிரோடதான் இருக்கு. அலகைத் திறந்தா இதன் நுனி அலகோட அடிக்கட்டையிலே படிஞ்சு உட்காரணும். நடுவிலே அழுக்கு அடைச்சிருக்கு. உட்கார விடல்லே."

"வளைத்தால் ஆகாதா?"

"துவட்சிக் காய்ச்சின எஃகு, ஐயா. பச்சையா வளைச்சா ஒடியும். நெருப்பிலே காட்டினா விறைப்புப் போயிடும். நிஜமாவே தளர்ந்தா ஆணியைக் கழற்றிப் புதுசு போடுறதுதான் முறை."

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மூட்டைக் குடைந்தார். கறுப்பாக ஒரு களிம்பு வந்தது. அப்பாவின் பென்சில் தூள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். ஆசாரி அதை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"நல்லெண்ணெய், சந்தனம், குங்குமம். யாரு வச்சது?"

யார் வைத்தது? நான்தான். அப்பா போன நாளிலிருந்து வருஷம் தவறாமல் சரஸ்வதி பூஜைக்கு அதை எடுத்து, மூட்டில் நல்லெண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் பெட்டியில் பூட்டிவிடுவேன். அத்தனை வருஷமும் ஒரு பென்சில்கூட அதில் சீவியதில்லை. அப்பாவின் கத்தி அல்லவா! எண்ணெய் பிசினாக இறுகி, அதில் சந்தனம் கல்லாகச் சேர்ந்திருந்தது. கத்தியைத் தளர்த்தியது காலமல்ல, என் பக்தி.

மூட்டாணி கொஞ்சம் ஆடியது. இரும்புப் பலகையின்மேல் வைத்து, சின்னச் சுத்தியால் ஆணித் தலையில் இரண்டே தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அலகை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். "ஒரு தட்டு கூடிப்போச்சுன்னா அலகு நகராது" என்றார். ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு என் கையில் கொடுத்தார்.

பாதித் தூரம் தள்ளினேன். 'டக்!'

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஆசாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "தினமும் எதையாவது நறுக்குங்க, ஐயா. அதுதான் அதுக்குப் பூஜை" என்றார்.

இப்போது அது என் மேஜையில்தான் கிடக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதிய பென்சிலை அதில்தான் சீவினேன். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் உண்டு. ஆனால் கொம்புப் பிடியில் மட்டும்.